பதினொரு வீடுகளின் மண்

நகராட்சியின் திட்ட அலுவலகம் போன வருடத்துக் கோப்புகளில் இரண்டுக்கு நகல் கேட்டிருந்தது. ஒன்று, மலைச்சரிவில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் கட்டிய வீடு. இன்னொன்று நுவாராவின் வீடு. இரண்டுக்கும் வரைபடம் போட்டவள் நான். இரண்டிலும் என் முத்திரை இருந்தது. காலை பத்து மணிக்கு நகலெடுக்கும் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் மெஷினில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருக்க, நான் பொழுதுபோகாமல் இரண்டு கோப்புகளையும் புரட்டினேன். மண் பரிசோதனை அறிக்கைகள் அருகருகே கிடந்தன.

"மனையின் கிழக்கோரம் மூன்று அத்திமரங்கள் உள்ளன. நிலம் கடலை நோக்கிச் சரிகிறது."

ரொட்டிக்கடைக்காரரின் மனைக்கு அது பொருத்தம்தான். அந்த அத்திமரத்தடியில் உட்கார்ந்து நானே காப்பி குடித்திருக்கிறேன். ஆனால் நுவாராவின் அறிக்கையிலும் அதே வரி இருந்தது. அவள் மனை உள்ளங்கை மாதிரி தட்டை. அங்கிருந்து கடல் தெரியாது. அத்திமரம் என்ன, ஒரு முள்செடிகூடக் கிடையாது.

பக்கத்தைத் திருப்பினேன். எந்த ஆழத்தில் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற அட்டவணை வந்தது. எண்கள் புள்ளிக்குப் பிறகும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு மனைகளுக்கும் இடையே பதினொரு கிலோமீட்டர்.

நகல் எடுக்காமலே இரண்டு கோப்புகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். கதவைத் தாழிட்டுவிட்டு அலமாரியைத் திறந்தேன். மண் எஞ்சினியர் லூனிஸ் பரிசோதனை செய்து கொடுத்த கோப்புகள் மொத்தம் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினேன். எட்டில் அத்திமரம். மீதி மூன்றில் மரம் இல்லை, ஆனால் எண்கள் அதேதான். அங்கங்கே ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றியிருந்தான்.

பதினொரு வீடுகள். எல்லாவற்றிலும் ஆட்கள் குடியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் மண் விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை. 2003 மே மாதம், ஒரு புதன்கிழமை, மாலை ஏழே முக்காலுக்கு, கொத்தமல்லி வாங்க என்னைக் கீழே அனுப்பியிருந்தாள் அம்மா. எனக்கு அப்போது இருபது வயது. கடைக்காரர் கொத்தமல்லிக் கட்டை எடுத்து நீட்டினார். பூமிக்குள்ளிருந்து லாரி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது எங்கள் ஐந்து மாடிக் கட்டடம் என் தோள் உயரத்துக்கு இருந்தது. அம்மாவும் தம்பியும் அதற்குள். மூன்று வருடம் கழித்துக் கட்டடக்கலை படிப்பில் சேர்ந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நான் மண் அறிக்கையைப் படிக்காமலே அதன் மேல் முத்திரை குத்தியிருக்கிறேன். படித்ததாகத்தான் நினைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் "கட்டத் தகுதியானது" என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

நுவாராவின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவள் நினைப்புதான் என்னை அதிகம் பிசைந்தது.

நுவாரா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் செய்கிறாள். புருஷன் மொக்ரான் தலைநகர் அல்ஜியர்ஸுக்குப் பஸ் ஓட்டுகிறான். மூன்று பிள்ளைகள். பூகம்பத்துக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் தகரமும் பலகையுமாக அறைகள் போட்டுக் கொடுத்ததே, இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி, அதில் பதினெட்டு வருடம் இருந்தார்கள். பிள்ளைகள் மூன்றும் அதில்தான் பிறந்தன. கட்ட அனுமதிக்காக அவளும் நானும் இருபத்திரண்டு மாதம் அலைந்தோம். கோப்பு நான்கு முறை திரும்பி வந்தது. முதல் முறை படிக்கட்டின் அகலம் ஐந்து சென்டிமீட்டர் குறைவு. இரண்டாம் முறை பக்கத்து மனையைப் பார்த்த ஜன்னல். மூன்றாம் முறை நிலப் பத்திரத்தில் மொக்ரான் இன்னாரின் மகன் என்ற இடத்தில் அவள் மாமனார் பெயரில் ஒரு எழுத்து குறைவு. நான்காம் முறை வரைபடத்தில் வடக்குக் குறி சின்னதாக இருக்கிறதாம். "வடக்கு எந்தப் பக்கம்னு உங்க ஆர்க்கிடெக்டுக்கே சந்தேகமா?" என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் நுவாராவிடம் கேட்டாளாம். கடைசியில் அனுமதி வந்த அன்று, அலுவலக வாசலிலேயே நின்று நுவாரா குலவையிட்டாள். காவல்காரர் பயந்துபோய் ஓடி வந்தார்.

போன பனிக்காலத்தில் கீழ்த்தளத்துக்குக் கூரை போட்டார்கள். பூச்சு வேலை முடியும் முன்பே குடிவந்துவிட்டார்கள். அவர்கள் காலி செய்த அன்றே தகர அறையை இயந்திரம் வந்து இடித்துவிட்டது. இனி அந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாது.

நான் போனபோது நுவாரா வாசலில் கோதுமை ரவையைப் பாயில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி! சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கியே. மாடிக் கம்பி எப்ப கட்டலாம்னு இவரு தெனமும் உசிரை எடுக்கறாரு. நீயே வந்து சொல்லிடு."

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்க்கா."

"சும்மா பார்க்கறவ மூஞ்சியா இது? உடம்பு சரியில்லையா? உட்காரு. காப்பி போடறேன்."

அவள் உள்ளே போனதும் நான் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். பின்பக்க அறையில், ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு கோடு இறங்கியது. மயிரிழை அளவுதான். நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் உள்ளே போகவில்லை. அந்த அறையில் மூன்று படுக்கைகள் விரித்திருந்தன. சின்னவனின் தலையணை விரிசலுக்கு நேர் கீழே கிடந்தது.

"அதுவா?" நுவாரா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். "போன மாசமே பார்த்தேன். புதுச் சுவர் காயும்போது வர்றதுதான்னு கொத்தனார் சொன்னாரு. வர்றதுதானே?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம்.

"வர்றதுதான்க்கா," என்றேன். "எதுக்கும் ஒரு குறி வெச்சிட்டுப் போறேன். எல்லா வீட்டுக்கும் வெக்கறதுதான்."

கார் டிக்கியில் எப்போதும் ஒரு பை ஜிப்சம் வைத்திருப்பேன். கிண்ணத்தில் குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு, அதன்மேல் தேதியை எழுதினேன். சுவர் அசையாவிட்டால் பட்டை அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும்.

"பிள்ளைங்களை முன் அறையில படுக்க வைங்க. ஜிப்சம் வாசனை ஆகாது," என்றேன். ஜிப்சத்துக்கு ஏது வாசனை? நுவாரா என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு படுக்கைகளைச் சுருட்டினாள்.

காருக்குள் உட்கார்ந்து லூனிஸுக்குப் போன் போட்டேன்.

"யாரு, தெஹ்பியா மேடமா! எவ்வளவு நாளாச்சு! புதுசா ஏதாவது மனை வந்திருக்கா?"

"நுவாரா மனையில எத்தனை துளை போட்டீங்க?"

"எது?"

"பழைய தகரக் குடியிருப்புக்குப் பின்னாடி. தட்டையான மனை. அங்க மூணு அத்திமரம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

லூனிஸ் சிரித்தான். "டைப் அடிக்கற பொண்ணு மாத்தி அடிச்சிருப்பா மேடம். இதுக்கா இந்தக் கோபம்? நம்ம பக்கத்து மண்ணு எனக்குத் தெரியாதா? களிமண்ணு, கீழ பாறை. துளை போட்டாலும் அதுதான் வரும், போடாட்டாலும் அதுதான்."

"அப்ப போடல."

"மேடம், அந்தக் கோப்பு நாலு தடவை திரும்பி வந்துச்சுல்ல? ஒரு தடவையாவது மண்ணைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"பதினொரு வீடு லூனிஸ். பதினொரு வீட்டுல ஆளுங்க படுத்துத் தூங்கறாங்க."

இப்போது அவன் குரலில் சிரிப்பு போய்விட்டது. "பதினொண்ணுலயும் உங்க முத்திரையும் இருக்கு. என் கையெழுத்துக்குப் பக்கத்துலயே, நீலக் கலர்ல, வட்டமா. ஜெயில்ல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு மேடம். யோசிச்சுப் பேசுங்க." போனை வைத்துவிட்டான்.

அடுத்த எட்டு நாள் எப்படிக் கழிந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. மண்ணைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட எடுப்பேன், வைத்துவிடுவேன். யாருக்காக நான் பயந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பிள்ளைகளுக்காக என்று சொல்லியிருப்பேன். பொய். ஜெயிலுக்குப் பயந்தேன். தெருவில் நடந்தால் "அவள் போட்ட வீடுதான் அது" என்று ஜனங்கள் விரல் நீட்டுவார்களே, அதற்குப் பயந்தேன். பக்கத்துத் தெருவில் லாரி போய் மேசைமேல் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தால் எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒன்பதாம் நாள் மதியம் நுவாரா கூப்பிட்டாள்.

"தங்கச்சி, நீ வெச்சியே அந்த வெள்ளைப் பட்டை."

"என்னாச்சுக்கா?"

"ரெண்டா ஒடஞ்சிருக்கு. வாசனை ஆகாதுன்னு சொன்னே. ஒடஞ்சா என்ன அர்த்தம்னு சொல்லலையே."

"வெளிய வாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு இப்பவே வெளிய வந்து நில்லுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். ஜூன் மாத வெயிலில் நுவாராவும் மூன்று பிள்ளைகளும் தெருவின் எதிர்ப்புறம் வரிசையாக நின்றிருந்தார்கள். மொக்ரான் அன்று விடுப்பு. கால்சட்டையும் பனியனுமாக வாசலிலேயே நின்றான். வெளியே வர மறுத்துவிட்டான்.

அந்த வாசலில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை யாரும் சோதிக்கவில்லை, வேறொரு மனையின் அறிக்கையைத்தான் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள், நான் சரிபார்க்காமல் முத்திரை குத்திவிட்டேன், ஒன்பது நாளைக்கு முன்பே எனக்கு இது தெரியும்.

மொக்ரான் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"அத்திமரமா?"

"ஆமாம்."

"எங்க இருக்கு? காட்டு. என் மனையில அத்திமரம் எங்கன்னு எனக்குக் காட்டு." என் கையைப் பிடித்து மனையின் கிழக்கு எல்லைவரை இழுத்துக்கொண்டு போனான். அங்கே காய்ந்த புல் மட்டும்தான் இருந்தது. "படிக்கட்டை அளந்தாங்க. ஜன்னலை அளந்தாங்க. செத்துப்போன எங்கப்பா பேருல ஒரு எழுத்து குறையுதுன்னு கோர்ட்டுக்கு அலைய வெச்சாங்க. இந்த ஊருல ஒருத்தனுக்குக்கூடக் குனிஞ்சு மண்ணைப் பார்க்கத் தோணலையா? உனக்குமா தோணல?"

"எனக்கும் தோணல."

"விடு அவளை," என்றாள் நுவாரா. அவள் தெருவைக் கடந்து வந்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "ஒம்போது நாள், மேடம்," என்றாள். அதற்குப் பிறகு நெடுநாள் அவள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

அன்று மாலையே பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். கோடை விடுமுறைதானே. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் படுக்கை விரித்தார்கள்.

மூன்றாம் நாள் அல்ஜியர்ஸிலிருந்து ஆய்வுக்கூடத்தின் துளைபோடும் வண்டி வந்தது. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். வீட்டின் பின்மூலையில் முதல் துளை. முதல் அரை மீட்டர் சிவப்பு மண் வந்தது. பார்க்க நல்ல மண். பிறகு இயந்திரத்தின் சத்தம் மாறியது. எதையோ பற்களுக்கிடையே வைத்து நறநறவென்று கடிப்பதுபோல் இருந்தது. தொழிலாளி குழாயை மேலே தூக்கி, உள்ளே இருந்ததைப் பலகையில் நீளமாகக் கொட்டினார்.

கான்கிரீட் துண்டுகள். துருப்பிடித்த கம்பி. செங்கல் பொடி. அதற்குக் கீழே, இரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு கதவுக் கைப்பிடியின் பாதி. மூன்று மீட்டரில் மறுபடியும் கான்கிரீட்டும் மக்கிப்போன துணியும். இடையிடையே வெற்றிடம். குழாய் எதிலும் மோதாமல் தானாகக் கீழே இறங்கியது. ஆறரை மீட்டர் போன பிறகுதான் கெட்டி மண் கிடைத்தது.

மொக்ரான் பலகையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ஒரு கான்கிரீட் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

"இது நாங்க அள்ளினது," என்றான்.

"என்னது?" என்றார் ஆய்வுக்கூடத்து எஞ்சினியர்.

"பூகம்பம் வந்த கோடை முழுக்க நான் லாரி ஓட்டினேன். இடிஞ்ச கட்டடமெல்லாம் அள்ளி ஆத்து முகத்துவாரத்துல கொட்டணும்னு உத்தரவு. நாங்க அங்கதான் கொட்டினோம். சில காண்ட்ராக்டர்காரனுங்க டீசல் மிச்சம் பண்ண பக்கத்துல எந்தப் பள்ளம் இருக்கோ அதுலயே தள்ளிட்டுப் போவானுங்க. இங்க ஒரு ஓடை இருந்திருக்கு. ரொப்பி, மேல மண்ணைப் போட்டு, பார்லி வெதைச்சு, பத்து வருஷம் கழிச்சு நிலத்துக்காரன் என் தலையில கட்டிட்டான்."

இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பலகையின் ஓரத்தில் டைல்ஸ் சில்லு ஒன்று கிடந்தது. வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கோடு. அந்தக் காலத்தில் ஊர் முழுக்கச் சமையலறைகளில் அந்த டைல்ஸ்தான். எங்கள் வீட்டிலும் அதுதான். நான் அதைக் கையில் எடுக்கவில்லை. நகர்ந்து போய் மறுபக்கம் நின்றேன். நான் இந்த மனையில் எத்தனை தடவை நடந்திருக்கிறேன்! செருப்புக் காலோடு, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, சமையலறையைக் கிழக்கே வைக்கலாமா மேற்கே வைக்கலாமா என்று பேசிக்கொண்டு.

நுவாரா மட்டும் குனிந்து அந்தச் சில்லை எடுத்தாள். தலைத்துணியில் துடைத்தாள். தன் பையில் போட்டுக்கொண்டாள். "செத்தவங்களுக்குப் பாத்திஹா ஓதணும்," என்றாள். மொக்ரான் எழுந்து கைகளை ஏந்தினான். வண்டிக்காரர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள்.

மறுநாள் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். பதினொரு கோப்பு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கீழே என் பெயரை எழுதியிருந்தேன். வாசலில் லூனிஸின் கார் நின்றது. அவன் இறங்கி வந்தான். சவரம் செய்யவில்லை.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். ஒரே ஒரு வீடுதானே மோசம்? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை விட்டுடுங்க. நான் சத்தமில்லாம ஒவ்வொண்ணா போய்ப் பார்த்துடறேன்."

அவன் சொன்னதில் எனக்கு ஆசை வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. ஒரு கோப்பு என்றால் கவனக்குறைவு. பதினொன்று என்றால் குற்றம். தாளில் பத்து வரியை அடித்துவிட்டால் போதும். படியில் நின்றுகொண்டு அந்தத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு, மனம் மாறிவிடும் முன் போய்விட வேண்டும் என்று ஓட்டமாக உள்ளே போனேன்.

ஜன்னலுக்குப் பின்னால் அதே அம்மாள். தாளைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது என்ன படிவம்?"

"படிவம் இல்ல. நான் எழுதினது."

"அனுமதி கேக்கறதுக்குப் படிவம் இருக்கு. கொடுத்த அனுமதியைத் திருப்பிக் கொடுக்கறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல. இதை நான் எந்த ரெஜிஸ்டர்ல ஏத்தறது?"

"எதுலயாவது ஏத்துங்க. தேதி போட்டு, வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், என் வீட்டுக்கும் லூனிஸ்தான் மண் பார்த்தான். உங்க லிஸ்ட்ல இல்ல. வேற ஆர்க்கிடெக்ட்." அவள் குத்திய முத்திரை இரண்டாகப் பதிந்தது.

அதன்பிறகு வீடு வீடாகப் போனேன். தட்டிய ஒவ்வொரு கதவும் திறக்கும் முன் ஓடிவிடலாமா என்றிருக்கும். ஒருவர் நாற்காலியைத் தூக்கி அடிக்க வந்தார். ஒரு பெண்மணி நான் பேசி முடிக்கும் முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் சிரித்தார். அவருடைய மண் நல்ல மண் என்று அறிக்கையே சொல்கிறதே, மற்றவர்களுக்குத்தான் அவர் மண்ணைக் கடன் கொடுத்திருக்கிறார். ஒன்பது வீடுகளில் துளைபோட ஒத்துக்கொண்டார்கள். ஏழில் மண் நன்றாகவே இருந்தது. இரண்டில் அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டி, கான்கிரீட் ஊற்றிக் கெட்டிப்படுத்த வேண்டியிருந்தது. பத்தாவது, மருந்துக்கடை மெஸியானின் வீடு. அவர் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்தபடியே பேசினார்.

"வீட்டை விக்கப்போறேன். உன் மெஷின் வாசல்ல வந்து நின்னா எவன் வாங்குவான்? போயிடு. மறுபடி வந்தே, போலீசைக் கூப்பிடுவேன்."

என்னை விசாரித்தார்கள். ஜெயிலுக்கு அனுப்பவில்லை. நானே வந்து சொன்னதால் பதினெட்டு மாதம் என் முத்திரையை நிறுத்தி வைத்தார்கள். லூனிஸ் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.

நுவாராவின் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. இடித்தார்கள். நான் அன்று போகவில்லை, போக முடியவில்லை. மண் மூடிய ஓடையின் கரை மனையின் ஒரு ஓரத்தில் முடிந்திருந்தது. அங்கே ஒன்றரை மீட்டரில் பாறை. அந்த ஒடுக்கமான இடத்தில் மூன்று அறையும் ஓட்டுக் கூரையுமாக ஒரு சின்ன வீட்டுக்கு வரைபடம் தயாரானது. பக்கத்து நகரமான பூமெர்தெஸில் இருக்கும் என் ஆர்க்கிடெக்ட் தோழி அதில் கையெழுத்திட்டாள். தலைக்கு மேல் கான்கிரீட் வேண்டாம் என்று நுவாரா முதலிலேயே சொல்லிவிட்டாள். கோப்பைக் கொடுக்க நானும் கூடப் போய் வரிசையில் நின்றேன். அவள் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

முறை வந்தபோது ஜன்னலில் வேறொரு இளைஞன் இருந்தான். வரைபடத்தைப் புரட்டி, வடக்குக் குறியைப் பார்த்து, பத்திரத்தைப் பார்த்து, "சரியா இருக்கும்மா, ஒரு மாசம் கழிச்சு வாங்க," என்றான்.

"மண் அறிக்கையைப் படிச்சியாப்பா?" என்றாள் நுவாரா.

"அது உள்ள அதிகாரிங்க பார்ப்பாங்க."

"நீ படி. சத்தமா படி. நான் நிக்கிறேன்."

"பின்னாடி எவ்வளவு பேரு நிக்கறாங்க பாருங்கம்மா."

"அவங்களும் கேக்கட்டும்."

வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவன் படித்தான். ஒன்பது பக்கம். துளை எங்கே போட்டார்கள், எத்தனை மீட்டரில் என்ன வந்தது என்று ஒவ்வொரு வரிக்கும் நுவாரா தலையாட்டினாள். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே தங்கச்சி, சரியாப் படிச்சானா?" என்றாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

போன மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், மார்க்கெட்டில் ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கால்கீழ் தரை ஒருமுறை தோளைக் குலுக்கியது. தராசுத் தட்டுகள் தாமாக ஆடின. மார்க்கெட்டில் ஒரு நொடி சத்தமே இல்லை. அடுத்த நொடி எல்லோரும் ஓடினார்கள். பெரிதொன்றும் இல்லை, நாலு நொடிதான் இருக்கும். ஆனாலும் ஒரு மதிலைக்கூடத் தொடாமல் நடுத்தெருவுக்கு வந்து நின்று போனை எடுத்தேன்.

நுவாரா முதல் மணியிலேயே எடுத்தாள். "ஒரு ஓடு சரிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. நாங்க வெளிய இருக்கோம். நீ எங்க இருக்கே?" ரொட்டிக்கடைக்காரர் எடுத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எடுத்தார்கள். மெஸியான் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் மணி அடித்து ஓய்ந்தது.

காரை எடுக்கத் தோன்றவில்லை. ஓடினேன். நாற்பது வயதில், கையில் ஆரஞ்சுப் பையோடு, மேட்டுத்தெரு முழுக்க ஓடினேன். முனை திரும்பும்வரை அந்த வீடு நிற்கிறதா என்று தெரியாது. திரும்பினேன். நின்றது. கூரை முதல் தரை வரை பார்த்தேன். முன்சுவரில் மாடிப்படி ஓரமாக ஒரு புதுக் கோடு ஓடியிருந்தது.

மெஸியானும் அவர் மனைவியும் நடுத்தெருவில் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். அவர் முகம் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் விரட்டுவதற்குக் கையை ஓங்கப்போனார். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"போன் உள்ளேயே இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

"அந்த மெஷினை எப்பக் கூட்டிட்டு வருவே?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"நாளைக்கே."

"வரட்டும்," என்றாள் அவள் புருஷனைப் பார்க்காமல். பிறகு குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். தெருவெல்லாம் உடைந்த கண்ணாடி. "செருப்பு வாசப்படிக்கு உள்ள இருக்கு. இவரு போக மாட்டேங்கறாரு. எனக்கும் காலு வரமாட்டேங்குது."

நானும் அந்தக் கதவைப் பார்த்தேன். நான் வரைந்த கதவு. அதன் மேலே நான் கணக்குப் போட்ட உத்தரம், அதற்கு மேல் நான் முத்திரை குத்திய மாடி. ஆரஞ்சுப் பையை அவர்கள் பக்கத்தில் கீழே வைத்தேன். கதவுவரை ஏழு அடி. உள்ளே இரண்டு அடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு ஜோடிச் செருப்பையும் போனையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.